கல் வீட்டைச் செப்பனிட்டு விற்றால் பத்து வருடம் பொறுப்பு உண்டு

கேள்வி: எங்கள் பூர்வீகம் புதுச்சேரி. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் அருகே வசிக்கிறோம். தென் பிரான்சின் செவென் மலையில் ஒரு கிராமத்தில், பாழடைந்து கிடந்த கல் வீட்டை 2013-ல் 40,000 யூரோவுக்கு வாங்கினேன். கூரைக்கு உள்ளூர் கொத்தனார் பலகைக் கல் வேய்ந்தார். சுவர்களை விடுமுறைதோறும் நானே சுண்ணாம்புக் காரை வைத்து எடுத்துக் கட்டினேன். 2020-ல் வேலை முடிந்தது. இப்போது வாங்க ஆள் வந்திருக்கிறது. சரிவை ஒட்டிய பின்சுவரில் இலையுதிர்கால மழையில் ஈரம் கசியும். 'உள்ளபடியே விற்கிறேன், பிறகு எனக்குப் பொறுப்பில்லை' என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. பழைய வீட்டை அப்படியே கைமாற்றி விடுபவருக்கு அந்த வாசகம் ஓரளவு கைகொடுக்கும். உங்கள் நிலை வேறு. வீட்டைக் கட்டியோ கட்டுவித்தோ விற்பவரையும் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1792-1-ஆம் பிரிவு கட்டுநராகவே கருதுகிறது. பெரிய அளவில் செப்பனிடுவதும் இதில் அடங்கும். சுவர் புடைத்தாலோ, கூரை ஒழுகி வீடு குடியிருக்க லாயக்கற்றுப் போனாலோ, வேலை முடிந்து பத்து வருடம் வரை, அதாவது 2030 வரை, வாங்கியவர் உங்களிடம் கேட்கலாம். இந்தப் பொறுப்பை விலக்கி எழுதும் எந்த வாசகமும் செல்லாது.

வாங்கும்போது கண்ணில் படாத, மறைந்த குறைபாடு விஷயத்திலும் அந்த வாசகத்துக்கு இதே கதிதான். தன் கையால் வேலை செய்தவருக்குக் குறை தெரிந்தே இருக்கும் என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே முதலில் கொத்தனாரின் பில்லையும், அந்த ஆண்டுக்கான அவருடைய பத்து வருடக் காப்பீட்டுச் சான்றையும் தேடி எடுங்கள். இரண்டும் இருந்தால் கூரைக்கு அவருடைய காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்க வழி உண்டு. சுவர் முழுக்க உங்கள் தலையில்தான். வேலை தொடங்குமுன் கட்டடச் சேதக் காப்பீடு எடுக்கவில்லை என்றால் விற்பனை ரத்தாகிவிடாது. பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அதிகாரியான நொத்தேர் அதைப் பத்திரத்தில் குறிப்பார், அவ்வளவுதான். ஆனால் ஏதாவது நேர்ந்தால் உங்கள் கைப்பணம்தான் போகும். விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

இனி அந்தப் பின்சுவர். வீடு பார்க்க வருமுன் கறையின் மேல் வெள்ளையடித்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். தெரிந்தே மறைத்தது நிரூபணமானால் விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். எந்தச் சுவர், எந்த மாதங்களில், எவ்வளவு உயரம் வரை ஈரம் ஏறுகிறது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதைப் புகைப்படத்தோடு முன் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தெரிந்து வாங்கியவர் பிறகு 'மறைத்துவிட்டார்' என்று வழக்குப் போட முடியாது. உங்களுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

சான்றுகளைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். 1949-க்கு முந்தைய வீடு என்பதால், பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை கட்டாயம். எரிசக்திச் சான்றில் கடைசி மூன்று தரங்களான இ, எஃப், ஜி-யில் ஒன்று வந்தால் தனி எரிசக்தித் தணிக்கையும் வேண்டும். பழைய கல் வீடுகளுக்கு அப்படி வருவது சகஜம். பொதுச் சாக்கடை இல்லாத கிராமம் என்றால் செப்டிக் டேங்க் சோதனை அறிக்கை மூன்று வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சன்னல் ஏதாவது புதிதாகத் திறந்திருந்தால் கிராம நகராட்சிக்குக் கொடுத்த முன்னறிவிப்பின் நகல் கையில் இருக்கட்டும். வீடு இருப்பது செவென் தேசியப் பூங்காவின் மையப் பகுதி என்றால் பூங்கா நிர்வாகத்தின் அனுமதியும் தேவை.

அப்புறம் வரி. இரண்டாம் வீடு என்பதால் லாபத்தில் 19 சதவீத வருமான வரியும் 17.2 சதவீத சமூகப் பங்களிப்பும் உண்டு. ஆறாம் வருடத்திலிருந்து இரண்டுக்கும் ஆண்டுதோறும் தள்ளுபடி கூடும். உங்கள் உழைப்புக்கும் நீங்களே வாங்கிய சுண்ணாம்புக்கும் வரிக் கணக்கில் இடமில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால், வேலைச் செலவாக வாங்கிய விலையில் 15 சதவீதத்தைப் பில் இல்லாமலே கூட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு 6,000 யூரோ. கொத்தனார் பில் அதைவிட அதிகம் என்றால் அதையே காட்டுங்கள். வரியை நொத்தேரே பிடித்துக் கட்டிவிடுவார்.

முன் ஒப்பந்தத்துக்குப் பிறகு வாங்குபவர் காரணம் சொல்லாமல் விலக 10 நாள் உண்டு. உங்களுக்கு அந்த உரிமை இல்லை. அதனால் மேலே சொன்ன காகிதங்கள் எல்லாம் நொத்தேர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.