வளரும் பிள்ளைகளின் குதிகால் வலி, பாத வலி: கேள்வி பதில்

விளையாடும் பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி செய்வதுதான் என் அன்றாட வேலை. பெற்றோர், பயிற்சியாளர்கள், பிள்ளைகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். காலைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் நோய் என்று முடிவு கட்ட முடியாது. எதைக் கவனிப்பது, எப்போது டாக்டரிடம் போவது என்பதைச் சொல்லலாம்.

என் மகனுக்கு 11 வயது, ஃபுட்பால் ஆடுகிறான். ஒரு மாதமாக ஆட்டம் முடிந்ததும் குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிறான். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் பின்பக்கம் துண்டு துண்டாகத் தெரிகிறது. டாக்டர் "ஒன்றுமில்லை, வளர்ச்சிதான்" என்கிறார். உடைந்ததுபோல் இருப்பதை எப்படி ஒன்றுமில்லை என்பது?

டாக்டர் சொன்னது சரிதான். குதிகாலின் பின்முனை இந்த வயதில் இன்னும் எலும்போடு ஒட்டவில்லை. அது தனித் துண்டாக வளர்ந்து, நடுவில் உள்ள குருத்தெலும்புத் தட்டு எலும்பான பிறகு, பதினைந்து வயதை ஒட்டி ஒன்றாகிவிடும். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஒட்டிவிடும். அதுவரை எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகவும் பிளவுபட்டும் தெரிவது வலியே இல்லாத பிள்ளைகளிடமும் சகஜம். அதனால்தான் இந்த வலிக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவைப்படுவதில்லை. வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால்தான் எடுப்பார்கள்.

வலிக்குக் காரணம் இழுவை. கெண்டைக்கால் தசையின் நாண் அந்தத் துண்டில்தான் வந்து பிடிக்கிறது. உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ள, தசை இறுகிவிடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் குதிப்பும் அந்த இடத்தை மேலே இழுக்கிறது, தரை கீழிருந்து மோதுகிறது. 1912இல் சேவர் என்ற அமெரிக்க டாக்டர் இதை விவரித்து எழுதியதால் சேவர்ஸ் நோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், வளர்ச்சி முடிந்ததும் தானாக அடங்கிவிடும், நிரந்தரக் குறை வைப்பதில்லை.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். குதிகாலின் பின்பகுதியை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பிடித்து மெதுவாக அமுக்குங்கள். "ஆ, அங்கேதான்" என்று காலை இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் இதுதான்.

அப்புறம், செய்ய வேண்டியது. விளையாட்டை முழுசாக நிறுத்தத் தேவையில்லை, அளவைக் குறையுங்கள். முதலில் குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் பாதியாக வெட்டுங்கள். எவ்வளவு ஆடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஆடும்போது லேசான வலி இருக்கலாம், நடை மாறக் கூடாது, மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். நொண்டினால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஓடாத நாட்களில் நீச்சலும் சைக்கிளும் தாராளமாகச் செய்யலாம்.

இரண்டு ஷூவிலும் குதிகாலுக்கு அடியில் ஜெல் மெத்தையோ சிறிய உயர்த்தியோ வையுங்கள். ஒரே காலில் வலித்தாலும் இரண்டிலும் வைப்பதுதான் நல்லது. குதிகால் கொஞ்சம் உயர்ந்தால் நாணின் இழுப்பு குறையும். வலி இருக்கும் நாட்களில் கடினமான தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். கெண்டைக்கால் ஸ்ட்ரெச்சிங்கை மட்டும் வலி தணிந்த பிறகு தொடங்குங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது இழுத்து நீட்டினால் புண்பட்ட இடத்தையே இன்னும் இழுக்கிறோம். சில வாரங்களில் குறையும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அடுத்த வளர்ச்சிக் கட்டத்தில் திரும்ப வந்தால் புதிதாக எதுவும் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், இதே வழிதான்.

முக்கியமான மேட்ச் வருகிறது. வலி மாத்திரை கொடுத்து ஆட வைக்கலாமா?

கூடாது. மாத்திரை வலியை மறைத்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியாமல் போகும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேஸ் சிண்ட்ரோம் என்ற ஆபத்து அதில் உண்டு. இந்த வலிக்குக் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அக்கா, எனக்கு 14 வயது. தூர ஓட்டம் ஓடுகிறேன். மேல்பாதத்தில் ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு வலி. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது, இப்போது நடந்தாலும் வலிக்கிறது. எக்ஸ்ரே நார்மல். மூன்று வாரத்தில் போட்டி. எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை.

எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியது ரொம்ப நல்லதும்மா. இன்றிலிருந்து ஓடாதே. ஒரே புள்ளியில் வலி, நாளுக்கு நாள் சீக்கிரமே தொடங்குவது, நடந்தாலே வலிப்பது, இதெல்லாம் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது நுண்விரிசல் இருக்கலாம் என்று காட்டுகின்றன. தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது வழக்கம், எம்ஆர்ஐயில் தெரியும். வலிக்கும் இடம் விரல் பக்கம் இல்லாமல் கணுக்காலை ஒட்டிய நடுப்பாதத்தில் என்றால் இன்னும் அவசரம். அங்கே நவிகுலர் என்ற எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறத் தாமதமாகும், காலை ஊன்றவே விடமாட்டார்கள்.

பீரியட்ஸ் நின்றதையும் இந்த வலியையும் தனித்தனியாகப் பார்க்காதே. ஓடுவதற்குச் செலவாகும் சக்தி சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு ஹார்மோனைக் குறைத்துவிடும், எலும்பு உறுதி பெற வேண்டிய வயதில் பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து எச்சரித்தது. மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். அம்மாவிடம் இன்றைக்கே சொல். கால், சாப்பாடு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல். இந்தப் போட்டி போனால் போகட்டும். முழுசாக ஆறாமல் ஓடினால் ஒரு சீசனே போய்விடும்.

12 வயது மகள், பேட்மிண்டன் ஆடுகிறாள். பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் வலி. கால் எங்கும் பிசகவில்லை.

சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பின் அடிப்பகுதி அது. அங்கேயும் இதே போன்ற வளர்ச்சிப் பகுதி உண்டு, அங்கேயும் ஒரு தசைநாண் பிடித்து இழுக்கிறது. ஐஸ்லின் நோய் என்பார்கள். கவனிப்பும் குதிகாலுக்குச் சொன்னதேதான். கால் பிசகிய பிறகு வலி வந்திருந்தால் மட்டும் எக்ஸ்ரே எடுங்கள். வளர்ச்சிக் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடும், முறிவு பெரும்பாலும் குறுக்கே போகும்.

மகனுக்கு 9 வயது, தட்டைப் பாதம். வலி இல்லை. சிறப்பு இன்சோல் போடாவிட்டால் பின்னால் சிக்கல் என்கிறார்கள்.

நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். பாதத்தில் வளைவு எழும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாதவரை எதுவும் வேண்டாம். வளைவு எழும்பாமல் விறைப்பாக இருந்தாலோ, கணுக்கால் அடிக்கடி பிசகினாலோ எலும்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். பாத எலும்புகள் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒட்டியிருக்கும், அது இந்த வயதுக்குப் பிறகுதான் வலியாக வெளியே தெரியும்.

13 வயது மகனுக்கு இரண்டு குதிகாலும் காலையில் அரை மணி நேரம் விறைத்திருக்கிறது. விளையாடினால் குறைகிறது.

இது தலைகீழாக இருக்கிறது. சேவர்ஸ் வலி ஆட ஆடக் கூடும், ஓய்வில் தணியும். ஓய்வில் விறைத்து அசைவில் தளர்ந்தால் மூட்டுவாத வகையா என்று பார்க்க வேண்டும். நாண் எலும்பில் பிடிக்கும் இடத்தைத் தாக்கும் வகை ஒன்று இந்த வயதுப் பையன்களிடம் வரும், அதில் கண் சிவந்து வலிப்பதும் உண்டு. மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள். வலியால் இரவில் தூக்கம் கலைவது, காய்ச்சல், வீக்கம், எடை குறைவது, காலை ஊன்றவே முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

நான் பயிற்சியாளர். என் அணியில் நான்கு பேருக்குக் குதிகால் வலி. என்ன மாற்றலாம்?

சார், முதலில் சமீபத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். புது மைதானமா, அடியில் குமிழ் வைத்த புது ஸ்டட்ஸ் பூட்ஸா, விடுமுறை முடிந்ததும் முழு வேகமா? ஸ்டட்ஸ் பூட்ஸில் குதிகால் தாழ்ந்திருக்கும், அடியில் மெத்தை இருக்காது. பயிற்சி நாட்களில் சாதாரண ஓட்ட ஷூ போடட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து வையுங்கள். திடீரென உயர்ந்த பிள்ளைக்குக் குதிப்பைக் குறையுங்கள். ஒழுங்கமைத்த பயிற்சி வாரத்தில் பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் போகக் கூடாது, 10 வயதென்றால் 10 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு. பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் ஆடுபவர்களின் மொத்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்டு எழுதி வையுங்கள்.

இன்னொன்று, வலி என்று சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று பயந்தால் பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். நான் பார்க்கும் முற்றிய கேஸ்கள் பலவும் இப்படி மறைத்தவைதான். நொண்டும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கோல்கீப்பர் கைப்பயிற்சி, வயிற்றுத்தசைப் பயிற்சி என்று காலில் பளு ஏறாத வேலையைக் கொடுத்து அணியோடே வைத்திருங்கள்.