மருந்து சாப்பிட்டால் அல்சர் கிருமி உருண்டையாக மாறித் தப்பித்துவிடுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எச். பைலோரி கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அது உருண்டை வடிவத்துக்கு மாறி ஒளிந்துகொள்ளும், மருந்து முடிந்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா? அப்படியானால் மருந்து சாப்பிட்டு என்ன பயன்?"

உருண்டையாக மாறுவது உண்மை. அதை நுண்ணோக்கியில் பலமுறை பார்த்திருக்கிறேன். மனித வயிற்றில் அது மறுபடி பழைய வடிவத்துக்கு வந்து நோயைக் கிளப்புகிறது என்பது இன்னும் நிரூபணமாகாத விஷயம். முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் நம்பவைப்பதுதான் அந்த வீடியோ செய்த வேலை.

நான் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். எண்டோஸ்கோபி அறையிலிருந்து எங்களுக்கு வரும் பயாப்ஸித் துணுக்கு அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அதை ஆட்டு இரத்தம் சேர்த்த அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் ஊட்டக்கூழ்த் தட்டு) தேய்த்து, காற்றுப் புகாத ஜாடிக்குள் வைத்து, 37 டிகிரியில் விட்டுவிடுவோம். ஜாடிக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ 5 சதவீதம், கரியமில வாயு 10 சதவீதம், மிச்சமெல்லாம் நைட்ரஜன். நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்று இந்தக் கிருமிக்கு ஆகாது. மூன்றாம் நாளுக்கு மேல், ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத, ஒளி ஊடுருவும் சாம்பல் நிறக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், தெரியும். தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். அதில் ஒன்றை எடுத்து யூரியாக் கரைசலில் கலக்கினால், மஞ்சளாக இருந்த கரைசல் சில நிமிடங்களில் இளஞ்சிவப்பாகிவிடும். கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால் சிவப்பு நிறத்தில் வளைந்து நெளிந்த கிருமிகள். சுமார் மூன்று மைக்ரான் நீளம், அரை மைக்ரான் தடிமன்.

அதே தட்டை எடுக்காமல் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப் பாருங்கள். நெளிந்தவை குறைந்திருக்கும். சில தமிழ் 'ப' எழுத்தைப் போல மடங்கியிருக்கும், சில இரு முனையும் ஒட்டி வளையமாகியிருக்கும். இன்னும் சில நாட்கள் போனால் தட்டு முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள்தான். அவற்றைப் புதிய தட்டுக்கு மாற்றினால் ஒன்றுமே முளைக்காது. ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்கள் இந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ கிருமி கலந்துவிட்டது என்று தட்டைத் தூக்கிப்போடப் போவது வழக்கம்.

இந்தக் கிருமிக்கு அவசரமும் ஆகாது, தாமதமும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை முதன்முதலில் வளர்த்தது 1982இல். அதுவரை தட்டுகளை இரண்டு நாளில் பார்த்து, எதுவும் இல்லை என்று எறிந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்ததால் தட்டுகள் கூடுதல் நாட்கள் உள்ளேயே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது காலனிகள் இருந்தன. அந்த வேலைக்குத்தான் 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உருண்டையாவதற்குத் தூண்டுதல் பல. உணவு தீர்ந்துபோவது, ஆக்சிஜன் கூடுவது, அமில காரச் சமநிலை மாறுவது, வெப்பநிலை மாறுவது, ஆன்டிபயாட்டிக் படுவது, தண்ணீரில் கிடப்பது. எதுவானாலும் முடிவு ஒன்றுதான். நெளிந்த வடிவமும் ஒரு முனையில் வால் போல இருக்கும் நாலைந்து கசையிழைகளும் கெட்டியான சளிப்படலத்தைத் துளைத்து நீந்துவதற்கானவை. வளர வழியில்லாத நேரத்தில் அந்த உடலமைப்பைக் கட்டிக்காக்கச் சக்தி போதாது.

கிருமியின் வடிவத்தைத் தாங்கிப்பிடிப்பது அதன் செல் சுவரில் உள்ள பெப்டிடோகிளைகான் என்ற வலை. பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட வேலை இதில் முக்கியமானது. உருண்டையாகும்போது அந்த வலையின் கண்ணிகள் வெட்டப்படுகின்றன, அதற்கு 'ஆமிஏ' என்ற மரபணு தேவை, அதை நீக்கிவிட்டால் கிருமியால் முறையாக உருண்டையாக முடிவதில்லை என்று காட்டினார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. நம் வயிற்றுச் சுவரின் செல்கள் கிருமியை அடையாளம் காண்பது இந்த வலையின் துண்டுகளை வைத்துத்தான். உருண்டையான கிருமியில் அந்தத் துண்டுகள் மேலும் குட்டையாகிவிடுவதால் செல்களின் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

இதைக் கேட்டதும், திட்டம்போட்டு வேஷம் மாற்றும் ஒரு தந்திரக்காரக் கிருமி மனதில் தோன்றிவிடும். அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். உருண்டை வடிவம் உயிரோடு இருக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி.

ஒரு கட்சி, இது உறக்கநிலை என்கிறது. 1982இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் காலராக் கிருமியில் காட்டியது இவர்களுக்குப் பின்பலம்: தட்டில் வளராது, ஆனால் உயிர் இருக்கும். 1994இல் இத்தாலிய ஆய்வாளர்கள், தட்டில் வளராத உருண்டை எச். பைலோரியை எலிகளுக்குக் கொடுத்து, பிறகு அந்த எலிகளின் வயிற்றிலிருந்து வளரக்கூடிய கிருமியை எடுத்ததாகத் தெரிவித்தார்கள்.

மற்றக் கட்சி, இது சாவின் தோற்றம்தான் என்கிறது. 1997இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைத் தலைப்பிலேயே வைத்துக் கட்டுரை எழுதினார்கள். உருண்டையாகும்போது டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் குறைகின்றன, சவ்வின் மின்னழுத்தம் போய்விடுகிறது, புதிதாகப் புரதம் உண்டாக்குவதைத் தடுத்தாலும் மாற்றம் நடந்தேறுகிறது. அப்படியானால் இதைக் கிருமி முயன்று செய்யும் தற்காப்பு என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம்.

எனக்கு உறுதியாகத் தோன்றுவது நடுவில் உள்ள ஒன்று. ஒரு தட்டில் இருக்கும் உருண்டைகள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. சில செத்தவை, சில சாகப்போகிறவை, சில இன்னும் மூச்சை விடாதவை. கோடிக்கணக்கான உருண்டைகளுக்கு நடுவே பத்து நெளிந்த கிருமிகள் தப்பியிருந்தால் நுண்ணோக்கியில் அகப்படாது. எலிக்குத் தொற்று உண்டாக்கியது அந்தப் பத்தா, உருண்டைகளா என்று பிரித்துச் சொல்வது கடினம். எலிச் சோதனையை நான் தள்ளிவிடவில்லை, ஆனால் அதை வைத்து மனிதர்களைப் பயமுறுத்த மாட்டேன்.

இனி மருந்து விஷயம். அமாக்சிசிலின் செல் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கும் மருந்து. பெருகாமல் சும்மா கிடக்கும் கிருமியிடம் அதற்கு வேலை குறைவு. எச். பைலோரி பெருகுவது அமிலம் குறைந்த, நடுநிலைக்குப் பக்கமான சூழலில்தான். அமிலம் ஏறினால் பெருகாமல் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். ஆன்டிபயாட்டிக்குடன் பேன்டோபிரசோல், இசோமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை தருவது வயிற்றெரிச்சலுக்காக மட்டுமல்ல. அமிலத்தைக் குறைத்தால் கிருமி பெருகத் தொடங்கும், அப்போது அமாக்சிசிலினிடம் மாட்டும். "எனக்கு எரிச்சலே இல்லை" என்று அந்த மாத்திரையை மட்டும் விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மருந்து சாப்பிட்டும் கிருமி போகாததற்கு முதல் காரணம் மருந்து எதிர்ப்பு. கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் அடங்காத கிருமிகள் இந்தியாவில் நிறைய. இரண்டாவது, பதினான்கு நாள் மருந்தை வாய்க்கசப்பு, பேதி என்று பாதியில் நிறுத்துவது. உருண்டை வடிவம் பட்டியலில் எங்காவது கடைசியில் வரலாம். முதல் இரண்டையும் சரிபார்க்காமல் அதன்மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது சோதனை நேரம். மருந்து முடிந்த மறுநாளே மூச்சுச் சோதனைக்கு ஓடினால், கிருமி மிச்சமிருந்தாலும் 'இல்லை' என்று வரலாம். கிருமிகள் எண்ணிக்கையில் குறைந்து, யூரியாவைச் சிதைக்கும் அதன் யூரியேஸ் நொதி மந்தமாகிக் கிடக்கும் நேரம் அது; மூச்சுச் சோதனை தேடுவது அந்த நொதியின் வேலையைத்தான். ஆன்டிபயாட்டிக்கும், சிலருக்கு அதோடு தரப்படும் பிஸ்மத் மருந்தும் நிறுத்தி நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அமிலக் குறைப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மருந்துக்கடையில் நாமாகச் சொல்லி வாங்கும் 'கேஸ் மாத்திரை' பெரும்பாலும் அதே இனம்தான், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பயாப்ஸி எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்: இந்த மாத்திரையில் இருப்பவர்களின் துணுக்கில் உருண்டை வடிவங்கள் மட்டும் தென்பட்டால், அது எச். பைலோரிதானா என்று உறுதிசெய்யத் தனிச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதத் துணுக்கு) பார்க்கும் சோதனைக்கும் இதே இடைவெளிகள் பொருந்தும். இரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்) பார்க்கும் சோதனையைக் குணமானதா என்று அறிய எடுக்காதீர்கள். கிருமி போன பிறகும் அது நெடுநாள் 'இருக்கிறது' என்றே காட்டும்; அதை நம்பி இரண்டாவது முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிடத் தேவையில்லை.