கிரியாட்டினின் 1.2 தானே, அதற்குள் கிட்னியில் தழும்பா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 60 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.2. ஒரு டாக்டர் "பார்டர்தான், பயப்படாதீங்க" என்கிறார். இன்னொருவர் தழும்பு விழ ஆரம்பித்திருக்கலாம் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டாவது டாக்டர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். நான் தண்டையார்பேட்டையில் லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. ஆனால் இந்த 1.2 தினமும் என் கைவழியாகப் போகிற எண். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் 25 வயசுத் தம்பிக்கு இதே 1.2 வந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர் (வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் கிட்னியின் வடிகட்டும் திறன்) 86 பக்கம் நிற்கும். உங்கள் அம்மாவுக்குக் கணக்குப் போட்டால் 52தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

தழும்பு எப்படி விழுகிறது? கையில் எண்ணெய் தெறித்தால் புண் ஆறியதும் அதை மூட வந்த செல்கள் ஒதுங்கிவிடும். கிட்னியில் அடி நிற்பதே இல்லை. சர்க்கரை, பிரஷர், வடிகட்டியிலிருந்து ஒழுகும் புரதம் மூன்றும் நுண்குழாய்ச் செல்களைத் தினமும் நோகடிக்கின்றன. அவை டி.ஜி.எஃப் பீட்டா போன்ற சமிக்ஞைகளை விடுகின்றன. ரத்த நுண்நாளங்களை அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள் அதைக் கேட்டு இடத்தை விட்டு நகர்ந்து, கொலாஜன் என்ற தழும்பு நாரைக் கொட்டும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்களாக மாறுகின்றன. பிடிமானம் போன நாளங்கள் அழிகின்றன, ஆக்சிஜன் குறைகிறது, பக்கத்துக் குழாயும் நோகிறது. ஆரம்பித்த காரணம் அடங்கினாலும் இந்தச் சுழல் தானாகவே ஓடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

தழும்பை நேரில் காட்டுவது இன்றும் பயாப்ஸிதான், அதாவது ஊசியால் கிட்னித் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. சிறுநீரில் டிக்கோஃப்-3, கிம்-1, கொலாஜன் 6 உருவாகும்போது உதிரும் புரோ-சி6 என்று பல குறியீடுகளை ஆராய்கிறார்கள். நம்ம பக்கத்து லேப்களில் இவை கிடைக்காது. கிடைப்பது யூரின் ஏ.சி.ஆர் (சிறுநீரில் கிரியாட்டினினோடு ஒப்பிட்டு அல்புமின் என்ற புரதத்தின் அளவு), விலையும் குறைவு. அது தழும்பை அளக்காது. தழும்பைத் தூண்டும் புரத ஒழுகலை அளக்கும். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் விடக்கூடாது. சிறுநீரில் தோய்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் புரதத்துக்கான மஞ்சள் கட்டம் பச்சையாகும் வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே ஒழுக ஆரம்பித்திருக்கும்.

விழுந்த தழும்பைக் கரைக்க மருந்து இல்லை, பரவுவதை மெதுவாக்க உண்டு. 2020-இல் டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை வைத்து நடந்த ஆய்வில், கிட்னி பாதிக்குமேல் கெடுவது, டயாலிசிஸ் வரை போவது, கிட்னி அல்லது இதய நோயால் இறப்பது எல்லாம் சேர்த்து 39 சதவீதம் குறைந்தது. அது அம்மாவுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல்ல சொல்லி கிட்னியைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நம்ம ஏரியாவில் அது ரொம்ப அதிகம்.

ஏ.சி.ஆருக்குக் காலையில் போகும் முதல் யூரினைக் கொடுங்கள். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும்போது வேண்டாம், எண் பொய்யாக ஏறும். அதிகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை பார்த்து, ரெண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து நெஃப்ராலஜிஸ்ட்டிடம் (கிட்னி டாக்டர்) எடுத்துப் போங்கள்.