மூட்டத்தில் கடல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன ஐப்பசியில் அடைமழையோடு தனுஷ்கோடிக்குப் போய்ப் படமெடுத்தேன். காற்றும் அலையும் அமர்க்களம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் சாம்பல் பூசியதுபோல இருக்கின்றன. பாதியில் நீர்ப்பொட்டு வேறு. மலைக்காரனுக்குக் கடல் படியாதோ?

கே., குன்னூர்

அன்புள்ள கே.,

இதைக் குன்னூர்க்காரர் கேட்பதுதான் வேடிக்கை. உங்களை அங்கே நனைத்த வடகிழக்குப் பருவமழைதானே இங்கே கோத்தகிரியில் என்னையும் நனைக்கிறது! மூடுபனி இறங்கினால் வெறும் பனியையா எடுப்பீர்கள்? தேயிலைக்கு நடுவே ஒரு சில்வர் ஓக்கைத் தேட மாட்டீர்களா? கடலிலும் அந்த மரம் வேண்டும். வானம், நீர், நுரை எல்லாம் ஒரே நிறமாகிவிட்ட நாளில் கறுப்பாக ஏதாவது வேண்டும். கரையேற்றிய நாட்டுப்படகு, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவின் நனைந்த கல், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் ஈரம் ஊறிய சுவர், எதுவானாலும் சரி.

சாம்பலுக்குப் பாதிக் காரணம் கேமரா. வெள்ளையைக் காட்டினாலும் அதன் ஒளி அளக்கும் மீட்டர் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். நுரையும் மூட்டமும் நிறைந்திருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ப்ளஸ் 1 வரை கூட்டுங்கள். சிதறும் துளி தெரிய ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வையுங்கள்.

அப்புறம் அந்தப் பொட்டு. அதில் மழையைவிட உப்புச் சாரல்தான் அதிகம் இருக்கும். நாகப்பட்டினத்தில் ஒருமுறை, நம் ஊர்ப் பனிநீர் என்ற நினைப்பில் தோள்துண்டால் ஒரே துடை துடைத்தேன். காய்ந்திருந்த உப்பு நறநறத்தது. லென்ஸ்முன் மாட்டியிருந்த ஃபில்டர் கண்ணாடியில் பிறை மாதிரி ஒரு கீறல், இன்றும் இருக்கிறது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றியெடுங்கள், காய்ந்த துணி பிறகு. மலைக்குத் திரும்பியதும் கேமராவைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள், இந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். நான் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத முறுக்கு டப்பாவில் வைக்கிறேன். வீட்டில் திட்டுதான்.

கொட்டும் மழையில் நான் எடுப்பதே இல்லை. மழை விட்டு மேகம் கிழியும் அந்த அரைமணிக்காகத்தான் காத்திருப்பேன். மீனவர்கள் படகை மேலே ஏற்றிவிட்டார்கள் என்றால் நானும் கரையைவிட்டு ஏறிவிடுவேன். அவர்களுக்குத் தெரியாத கடலா எனக்குத் தெரியப்போகிறது?

பழைய படங்களை அழித்துவிடாதீர்கள். எதிலாவது ஒரு கம்பமோ, அதன்மேல் ஒடுங்கி உட்கார்ந்த காக்காயோ இருக்கும். கிடைத்தால் அனுப்புங்கள்.