வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காடு அப்படியே இருக்குமா? லவுடன் நிலத் திட்டம்: கேள்வி-பதில்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லவுடன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1990-இல் 86,129 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது 4,20,959 ஆகிவிட்டது. முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இப்படிக் குடிவந்தவர்களில் நம்மவர்களும் கணிசம். 2040 வரைக்குமான பார்வையோடு 2019-இல் நிறைவேறிய, எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் கவுண்டியின் பொதுத் திட்டத்தில் பகுதி பகுதியாகத் திருத்தங்கள் நடந்துவருகின்றன. அது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

புது டவுன்ஹவுஸ் வாங்கப்போகிறோம். பின்னால் அடர்ந்த மரங்கள். "இது எப்போதும் இப்படியேதான் இருக்கும்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?
– ஆஷ்பர்ன் வாசகி

வாய்வார்த்தையை நம்பாதீர்கள். முதலில் அந்த மரங்கள் யார் நிலத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். கவுண்டியின் வெப்லோஜிஸ் வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் ஹெச்ஓஏ-வின் (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கத்தின்) பொதுவெளி, கவுண்டிப் பூங்கா, ஓடையை ஒட்டிய வெள்ளப்பகுதி இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

தனியார் நிலம் என்றால் இரண்டு வரைபடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஜோனிங். உரிமையாளர் இன்றைக்கு அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை அது சொல்கிறது. அதற்குச் சட்ட பலம் உண்டு. மற்றது பொதுத் திட்டம். அந்த இடம் பிற்காலத்தில் எப்படி ஆக வேண்டும் என்று கவுண்டி விரும்புகிறது என்பதை அது காட்டும். வர்ஜீனியாவில் அது வழிகாட்டி மட்டுமே, சட்டம் இல்லை. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கவனம் தேவை. ஜோனிங்கில் அலுவலகம், திட்டத்தில் கடைகளும் வீடுகளும் கலந்த பகுதி என்று இருந்தால், என்றாவது ஒருநாள் ஜோனிங்கை மாற்றக் கேட்கும் ரீஜோனிங் விண்ணப்பம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தவறவிடுவது ப்ராஃபர். ரீஜோனிங் கேட்கும்போது கட்டுமான நிறுவனம் தானாக முன்வந்து எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிகள் அவை. "இந்த 50 அடி மரவரிசையை வெட்டமாட்டோம்" என்று அதில் இருந்தால், நிலம் எத்தனை கை மாறினாலும் அது செல்லும். பழைய கோப்பில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். புரியவில்லை என்றால் கவுண்டியின் பிளானிங் துறைக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் வேலை. வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்பதுதான் முக்கியம்.

2019-இல்தானே பெரிய திட்டம் போட்டார்கள்? அதற்குள் ஏன் திருத்தம்?
– லீஸ்பர்க் வாசகர்

ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது பிளானிங் கமிஷன் (நிலத் திட்டத்தில் கவுண்டிக்கு ஆலோசனை சொல்லும் குழு) திட்டத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். முழுதாக மாற்றி எழுத வேண்டும் என்று அர்த்தம் இல்லை. 2001 திட்டம் 2019 வரை, இடையிடையே திருத்தங்களோடு, ஓடியது. அப்புறம் ஒன்று: நீங்கள் லீஸ்பர்க் டவுன் எல்லைக்குள் இருந்தால் உங்களுக்குத் தனி டவுன் திட்டமும் தனி ஜோனிங்கும் உண்டு. கவுண்டிக்குள் இப்படி ஏழு டவுன்கள் இருக்கின்றன. கவுண்டிக் கூட்டத்துக்கு வந்து டவுன் பிரச்சினையைப் பேசிவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

மக்கள்தொகையைக் காரணம் காட்டி வீடு வீடாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். போதும் என்று நிறுத்த முடியாதா?
– ஸ்டெர்லிங் வாசகர்

முடியாது. வர்ஜீனியாவில் மாநிலச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரம்தான் கவுண்டிக்கு உண்டு. ஏற்கெனவே ஒப்புதல் பெற்றுக் கட்டாமல் இருக்கும் வீடுகளை ரத்து செய்வது லேசில் நடக்காது. இருக்கும் ஜோனிங்கின்படி ஒருவர் கட்ட வந்தால், விதிகளுக்கு உட்பட்டிருந்தால், அனுமதி தந்தே ஆக வேண்டும். இதைத்தான் பை-ரைட் என்கிறார்கள். ரீஜோனிங் கேட்டால் மட்டும், கவுண்டியை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவான போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் மறுக்கலாம். மறுப்பதற்கோ ஏற்பதற்கோ அவர்கள் கையில் இருக்கும் முதல் அளவுகோல் இந்தத் திட்டம்தான். ஆகவே திட்டத்தில் ஒரு வரி மாறும்போது பேசாமல் இருந்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து விண்ணப்பம் வந்ததும் கொதிப்பதில் பெரிய பயன் இல்லை.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டை மறுத்துவிட்டால் ஆட்கள் வராமல் இருந்துவிடமாட்டார்கள். நம் பிள்ளைகளின் ஆசிரியர், மருத்துவமனை நர்ஸ், தீயணைப்பு வீரர் என்று இங்கே வேலை பார்க்கும் பலர் மேற்கு வர்ஜீனியாவில் வீடு பிடித்து, ரூட் 9, ரூட் 7 வழியாகத் தினமும் வந்துபோகிறார்கள். நீங்கள் மாட்டிக்கொள்ளும் நெரிசலில் அவர்களும் இருக்கிறார்கள். நடுத்தர வருமானத்தில் வாங்கக்கூடிய வீடு போதவில்லை என்பதை ஒப்புக்கொண்டு கவுண்டியே 2021-இல் தனியாக ஒரு வீட்டுவசதித் திட்டம் போட்டது. அதற்கு இடம் விடாத நிலத் திட்டம் நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. எத்தனை வீடு என்பதோடு, எப்படிப்பட்ட வீடு, எங்கே என்றும் கேளுங்கள்.

வீடு முதலில் வருகிறது, ரோடு பத்து வருஷம் கழித்து வருகிறது. ஏன் இப்படி?
– சவுத் ரைடிங் வாசகி

வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்டிகளைப் போல லவுடனிலும் பொதுச் சாலைகளைப் பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வது கவுண்டி. 1932-இலிருந்து இப்படித்தான். மாநிலப் பணம் போதாததால் லவுடன் தன் வரிப்பணத்தையும் போட்டுச் சாலை கட்டுகிறது. ஒவ்வொரு குடியிருப்பும் தன் எல்லைக்குள் ப்ராஃபர்படி ஒரு துண்டு போட்டுக்கொடுக்கும். அடுத்த நிலம் கட்டப்படும்வரை அந்த நான்குவழிச் சாலை திடீரென்று முடிந்து நிற்கும். பொதுத் திட்டத்தோடு நிறைவேறிய 2019 போக்குவரத்துத் திட்டத்தில் உங்கள் சாலை எத்தனை வழியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பணம் எந்த ஆண்டு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது கவுண்டியின் மூலதனப் பட்ஜெட்டில் இருக்கும். பட்ஜெட்டில் ஆண்டு குறிக்காத சாலையை நம்பி வீடு வாங்க வேண்டாம்.

மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் லவுடன் கேட்வே நிலையத்தைச் சுற்றி ஒரு வீடுகூட இல்லையே?
– பிராம்பில்டன் வாசகர்

டல்லஸ் விமான நிலையத்தின் ஓடுபாதைகளே காரணம். சராசரி இரைச்சல் 65 டெசிபலுக்கு மேல் இருக்கும் என்று கணிக்கப்பட்ட வளையத்துக்குள் புதிதாக வீடு கட்டக் கூடாது என்பது கவுண்டியின் விதி. அந்த நிலையம் அதற்குள் வருகிறது. 2022 நவம்பரில் இந்த மெட்ரோ பாதை, சில்வர் லைன், திறந்தபோது, ஆஷ்பர்ன் நிலையத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் எழ, கேட்வே பக்கம் டேட்டா சென்டர்கள் (இணையத் தரவுகளைச் சேமிக்கும் கணினிக் கட்டடங்கள்) தான் எழுந்தன. 60-க்கும் 65-க்கும் இடைப்பட்ட வளையத்தில் வீடு கட்டலாம், ஆனால் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டுப் பத்திரக் கட்டில் அந்தத் தாள் இருந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டேட்டா சென்டர் வேண்டாம் என்று ஒரு பக்கம். அதனால்தான் வரி குறைவு என்று இன்னொரு பக்கம். எது சரி?
– ஆஷ்பர்ன் வாசகர்

இரண்டும் உண்மை. 1990-களில் இணைய நிறுவனங்களும் ஃபைபர் கேபிள்களும் இந்தப் பக்கம் குவிந்ததால், அவற்றை ஒட்டி டேட்டா சென்டர்கள் அடுத்தடுத்து வந்தன. உள்ளே இருக்கும் கணினிகளுக்கு கவுண்டி வரி போடுகிறது. அவற்றால் பள்ளிக்கோ சாலைக்கோ பெரிய செலவில்லை. அந்த வருமானம் பெரிதும் உதவியதால் வீட்டு வரி விகிதம் 100 டாலர் மதிப்புக்கு 2013-இல் 1.20 டாலருக்கு மேல் இருந்தது 2025-இல் 0.805 டாலருக்கு இறங்கியது.

ஆனால் 2019-இல் திட்டம் எழுதியபோது இந்த வேகத்தை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. பல ஜோன்களில் அவை பை-ரைட்டாக இருந்தன. குடியிருப்பை ஒட்டி எழுந்தாலும் பொது விசாரணை கிடையாது, போர்டில் ஓட்டு கிடையாது. 2022-இல் கிழக்கு லவுடனில் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கம்பித்தடங்களே போதவில்லை என்று மின் நிறுவனம் அறிவித்தது. அதன்பிறகு உயரழுத்த மின்கோபுரங்கள் எங்கள் வீட்டுப் பக்கமா, உங்கள் வீட்டுப் பக்கமா என்ற சண்டை தொடங்கியது. அந்தப் பாதையை முடிவு செய்வது கவுண்டிகூட இல்லை. ரிச்மண்டில் இருக்கும் மாநில கார்ப்பரேஷன் கமிஷன்.

2025 மார்ச்சில் போர்டு பொதுத் திட்டத்தையும் ஜோனிங்கையும் சேர்த்துத் திருத்தி, பை-ரைட் அனுமதியை எடுத்துவிட்டது. இனி புதியது எதுவானாலும் பொது விசாரணைக்கு வந்து ஓட்டில் ஜெயிக்க வேண்டும். ஏற்கெனவே குறிப்பிட்ட கட்டம் தாண்டிய விண்ணப்பங்களுக்கு விலக்கு தந்தார்கள். அதனால் இப்போதும் புதுக் கட்டடங்கள் எழுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு உயரம், ஜெனரேட்டர் சத்தம் எவ்வளவு என்ற விதிகளைத் தனிக் கட்டமாக எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் இந்தத் தலைமுறையில் லவுடன் எடுத்த மிக அவசியமான நில முடிவு அதுதான். இந்த ஒரு துறையின் வருமானத்தை நம்பிப் பட்ஜெட் போடும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. கணினியின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அடுத்த பத்தாண்டில் அந்த நிறுவனங்கள் எங்கே முதலீடு செய்யும் என்பதை கவுண்டி தீர்மானிக்க முடியாது.

பர்சல்வில் அருகே 10 ஏக்கர் இருக்கிறது. இரண்டாகப் பிரித்து நண்பருக்கு ஒரு பாகம் தரலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

உங்கள் ஜோனைப் பொறுத்தது. ஏஆர்-1 என்ற கிராமப்புற ஜோன் என்றால் சாதாரணமாக 20 ஏக்கருக்கு ஒரு வீடு. வீடுகளை ஒரு மூலையில் சேர்த்து மற்ற நிலத்தைத் திறந்தவெளியாக விட்டால் 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கு. ஏஆர்-2 என்றால் 40, 15. ஆனால் 10 ஏக்கரில் அந்தச் சேர்த்துக்கட்டும் வழி கிடைக்குமா என்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. குழாய்த் தண்ணீர் அங்கே வராது, கிணறும் செப்டிக்கும்தான். செப்டிக் கழிவுநீரை மண் உறிஞ்சுமா என்று பார்க்கும் மண் சோதனையில் தேறாத நிலத்தை எந்த ஜோனாலும் காப்பாற்ற முடியாது. விற்பனை பேசுவதற்கு முன் மண் சோதனை செய்துவிடுங்கள்.

திட்டம் மாறினால் எங்கள் பிள்ளையின் பள்ளி மாறுமா?
– ஆல்டி வாசகி

பள்ளி எல்லையைத் தீர்மானிப்பது தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்கூல் போர்டு. நிலத் திட்டம் பள்ளிக்கு இடம் ஒதுக்கும், அவ்வளவுதான். புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைகள் மாறும் என்று எதிர்பாருங்கள்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். ஓட்டு கிடையாது. கூட்டத்தில் பேசலாமா?
– ஆஷ்பர்ன் வாசகர்

தாராளமாகப் பேசலாம். பொது விசாரணையில் பேசக் குடியுரிமை தேவையில்லை. வீட்டு வரி கட்டுகிறீர்கள், வாடகை கொடுத்தாலும் அதற்குள் அந்த வரி இருக்கிறது. இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கும் நம்மவர்கள் ஏராளம். கவுண்டியில் இத்தனை பேர் இருந்தும் மைக் முன்னால் நம் முகங்கள் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிளானிங் கமிஷனில் ஒரு விசாரணை, போர்டில் ஒரு விசாரணை என்று இரண்டு முறை வாய்ப்பு வரும். கமிஷன் கட்டத்திலேயே போங்கள். போர்டுக்கு வரும்போது வரைவு பெரும்பாலும் கெட்டிப்பட்டுவிடும். சில நிமிடங்கள்தான் தருவார்கள், ஆகவே முழு வரலாறும் சொல்ல வேண்டாம். வரைவின் எந்தப் பக்கம், எந்த வாசகம், அதை எப்படி மாற்ற வேண்டும், அதனால் உங்கள் தெருவில் என்ன மாறும் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அதையே எழுதி உங்கள் வட்டார சூப்பர்வைசருக்கும் முந்தைய வாரமே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பல முடிவுகள் கூட்டத்துக்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடும். நேரில் வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பும் கருத்தும் அதே கோப்பில்தான் சேரும்.