இடிபடாமல் நிற்கும் ஓட்டு வீடுகள்

கேள்வி: சாலையை அகலப்படுத்த எங்கள் தெருவையே இடித்துத் தள்ளிவிட்டார்கள், ஆளில்லாத இரண்டு பழைய ஓட்டு வீடுகள் மட்டும் நிற்கின்றன. அதெப்படி? – வாசகர், கோவை.

பதில்: பெரும்பாலும் பங்காளித் தகராறுதானுங்க. பத்திரம் தாத்தா பெயரில், பேரன்கள் ஆளுக்கொரு ஊரில், வழக்கு கோர்ட்டில். தடை உத்தரவு இருக்கும்வரை பொக்லைன் அந்தச் சுவரைத் தொடாது. ஆனால் 2013-ஆம் வருட நிலமெடுப்புச் சட்டப்படி எடுத்த இடமென்றால், உரிமைத் தகராறு மட்டும் காப்பாற்றாது. இழப்பீட்டை அதற்கான ஆணையத்தில் கட்டிவிட்டு கலெக்டர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், உள்ளே போய் எட்டிப் பார்க்காதீர்கள். நாலு ஓடு நகர்ந்து மழைத்தண்ணீர் இறங்கினால் பனஞ்சட்டம் உளுத்து, மண்சாந்தும் கரைந்திருக்கும், போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டை இடித்ததில் சுவருக்கு இருந்த பிடிமானமும் போயிருக்கும். வெளியே விழுந்த ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி முத்திரை இருக்கலாம். 1865-ல் மங்களூரில் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு ஆரம்பித்த, ஆலையில் ஓடு செய்யும் தொழில் அது.