அழித்தாலும் போர்ட் ஃபால்ட் அலர்ட் திரும்ப வருவது ஏன்?

சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சில் போர்ட் எர்-டிசேபிள் ஆகிறது, அதாவது பிழை கண்டு ஸ்விட்சே போர்ட்டை அணைக்கிறது. போர்ட்டை அணைத்து எழுப்பும் ‘ஷட்’, ‘நோ ஷட்’ கொடுத்தால் எழுந்து மறுபடி விழுகிறது என்கிறீர்கள். காரணத்தைத் தொடாமல் எழுப்பினால் அப்படித்தான்.

‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்டு’ அடியுங்கள், ‘ரீசன்’ தெரியும். பிபிடியு கார்டு (வேறு ஸ்விட்சின் பிபிடியு செய்தி வந்தால் போர்ட்டை அணைக்கும் காவல்) என்றால் சர்வர் போர்ட்டில் யாரோ ஸ்விட்சைச் செருகியிருக்கலாம். அந்தக் காவலை நீக்காதீர்கள், ஸ்விட்சைக் கழற்றுங்கள்.

லிங்க்-ஃபிளாப் (இணைப்பு அடிக்கடி விழுந்து எழுவது) என்றால் பெரும்பாலும் ஃபைபர் முனை அழுக்கு, இல்லையேல் சாகக் கிடக்கும் எஸ்எஃப்பி (ஃபைபரைச் செருகும் மாட்யூல்). ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரான்ஸீவர்’ பாருங்கள்: 10 ஜி எல்ஆர் (10 கிகாபிட், நெடுந்தூர) மாட்யூலில் ஆர்எக்ஸ் (வந்து சேரும் ஒளியின் அளவு) மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே போனால் லிங்கை நம்ப முடியாது. முதலில் இரு முனைகளையும் கிளீனர் பேனாவால் துடையுங்கள், பிறகு பேட்ச் கார்டை (ஃபைபர் இணைப்புக் கம்பி) மாற்றுங்கள், கடைசியாக மாட்யூலை. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி சிக்காது.

‘கிளியர் கவுன்டர்ஸ்’ கொடுத்து, சிஆர்சி (பழுதாக வந்த தரவின் எண்ணிக்கை) பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று ஒரு நாள் கவனியுங்கள். 300 விநாடியில் தானாக எழுப்பும் ரெகவரியை அதற்கு முன் போடாதீர்கள். அலர்ட் அடங்காது, கூடும்.